அட்டவணையா, வெட்டுத்துண்டா, சாய்வா?

2எக்ஸ் + 3ஒய் = 12. இதற்கு வரைபடம் வரையச் சொன்னால், பிள்ளைகளில் பலர் உடனே அட்டவணை போட்டு எக்ஸுக்கு –1, 0, 1 என்று கொடுத்துவிடுகிறார்கள். ஒய்க்குக் கிடைப்பது 14/3, 4, 10/3. வரைபடத் தாளில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துச் சிறு கட்டங்கள்; அதில் மூன்றில் ஒரு பங்கை எங்கே குறிப்பது? பென்சில் அங்கேயே தயங்கி நிற்கும். குறை அட்டவணையில் இல்லை, கொடுத்த எண்களில் இருக்கிறது. 0, 3, 6 என்று கொடுத்திருந்தால் 4, 2, 0 என முழு எண்களாகவே வந்திருக்கும்.

இதே சமன்பாட்டுக்கு, கோடு இரு அச்சுகளையும் வெட்டும் இடங்களைக் காணும் வெட்டுத்துண்டு முறை இன்னும் சுருக்கம். ஒய்யை 0 ஆக்கினால் எக்ஸ் 6. எக்ஸை 0 ஆக்கினால் ஒய் 4. இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து இணைத்தால் வேலை முடிந்தது. மாறிலி (இங்கே 12) இரு கெழுக்களாலும் (இங்கே 2, 3) மீதியின்றி வகுபட்டால் நான் வேறு முறையைத் தேடுவதே இல்லை.

ஒய் = 2எக்ஸ் போன்ற கோட்டுக்கு இது உதவாது; இரண்டு வெட்டும் புள்ளிகளும் ஆதிப்புள்ளியிலேயே விழுகின்றன. அதைவிட ஆபத்தானது 7எக்ஸ் + 5ஒய் = 3. வெட்டுத்துண்டுகள் 3/7, 3/5. ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எடுத்தால் இரு புள்ளிகளுக்கும் இடையே முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் பிசகினாலும், பத்து சென்டிமீட்டர் தள்ளிக் கோடு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விலகிவிடும். கணக்கைச் சரியாகப் போட்டும் கோடு தப்பாக வந்து மாணவர் மனம் சோர்ந்துபோவது இப்படித்தான்.

இங்கேதான் சாய்வு, அதாவது வலப்பக்கம் ஓர் அலகு நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறும் அல்லது இறங்கும் என்பது, கைகொடுக்கிறது. ஒய் வெட்டுத்துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முழு எண்களால் ஆன புள்ளி ஒன்று போதும்: எக்ஸ் –1 என்றால் ஒய் 2. சாய்வு –7/5 என்பதால், (–1, 2) இலிருந்து வலப்பக்கம் 5 அலகு, கீழே 7 அலகு நகர்ந்தால் (4, –5). இரண்டும் எட்டரை சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் கோடு அசையாது. எக்ஸ் = 3 போன்ற செங்குத்துக் கோட்டுக்கு மட்டும் சாய்வு வரையறுக்கப்படவில்லை; அதை நேராக வரைந்துவிடலாம்.

எந்த முறையானாலும் மூன்றாவது புள்ளி ஒன்றைச் சரிபார்க்காமல் கோடு போடாதீர்கள். (–1, 2) இலிருந்து இடப்பக்கம் 5, மேலே 7 போனால் (–6, 9). சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: –42 + 45 = 3.