பொவ்வாரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? ஒரு நர்ஸின் சிபாரிசு

பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமொன் தெ பொவ்வார் என்றதும் எல்லோரும் கையில் திணிப்பது பெண்களின் நிலை பற்றி 1949இல் வந்த ‘இரண்டாம் பாலினம்’தான். இரண்டு பாகம், நல்ல கனம். பாதியில் மூடி வைத்தவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால், 1964இல் வந்த ‘மிக எளிதான மரணம்’ நூலைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். ஆங்கிலத்தில் பேட்ரிக் ஓ'பிரையன் மொழிபெயர்த்திருக்கிறார். தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

1963 அக்டோபர். பொவ்வார் ரோமில் இருக்கும்போது, பாரிஸில் அம்மா பிரான்சுவாஸ் குளியலறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கிறார். போன் வரை தரையில் ஊர்ந்து வரவே இரண்டு மணி நேரம். எலும்பு முறிவு என்று சேர்த்தவருக்குக் குடலில் புற்றுநோய். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. வயிற்றில் அழற்சி என்று சமாளிக்கிறார்கள்.

வார்டில் வேலை பார்ப்பவள் நான். “அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று வராந்தாவில் கையைப் பிடிக்காத மகள்கள் குறைவு. பிரான்சில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த 1971இல், தானும் செய்துகொண்டதாக 343 பெண்கள் கையெழுத்திட்ட அறிக்கையில் துணிந்து பெயர் போட்டவர் பொவ்வார். அவராலும் அம்மாவின் கட்டிலருகே உண்மை பேச முடியவில்லை. அதை மழுப்பாமல் எழுதியிருக்கிறார்.

ஒரு இடம் என்னை நிறுத்திவிட்டது. பிசியோதெரபிஸ்ட் போர்வையை விலக்கும்போது அம்மாவின் உடம்பு தெரிகிறது. எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது என்கிறார் அம்மா. அதுதான் சரி என்று சொல்லிவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொள்கிறார் மகள். உடலைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவர்! எங்கள் வார்டில் தினமும் நடப்பதுதான், ஆனால் இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அம்மாவின் பழைய கதையும் உண்டு. கணவர் இறந்தபின், 54 வயதில் படித்துச் சான்றிதழ் வாங்கி, நூலக உதவியாளராக வேலைக்குச் சைக்கிளில் போனவர். இந்தப் பகுதி இன்னும் நீண்டிருக்கலாம்.

அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர் ஒருவரிடம் பொவ்வார் கொஞ்சம் கடுமைதான். அவர் பக்கத்தையும் கேட்டிருக்கலாம். ஆனால் காசு கொடுத்துச் சேர்ந்த கிளினிக்கில் அம்மாவுக்குக் கிடைத்த கவனிப்பு பொது வார்டில் சாகிறவர்களுக்குக் கிடைக்காது என்பதை அவரே சொல்லிவிடுகிறார்.

நர்சிங் மாணவிகளுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுக்கலாம். வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், அப்புறம் படியுங்கள்.