சத்தத்தை அமத்திவிட்டுப் பார்த்தால் யார் பாண்ட்?

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில், மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில், ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்களில் யார் பெரியவர் என்ற சண்டை மறுபடி தொடங்கியது. தொடங்கிவைத்தது என் அக்கா மகன். அடுத்த பாண்ட் யார் என்று செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தவன், "கிரெய்க் மாதிரி இனி ஒருத்தன் வர முடியாது மாமா" என்று சொல்லிவிட்டு பஜ்ஜியை எடுத்தான். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நம் டீ ஆறிவிடும்.

"ஏலே, கானரி நடந்து நீ பாத்திருக்கியா?"

அண்ணாச்சிக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டர்களில் படம் ஓட்டியவர், புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்து ஆள். அவர் பார்த்த பாண்ட் படம் எல்லாம் ஆபரேட்டர் ரூமின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தவை. மெஷின் இரைச்சலில் வசனம் காதில் விழாது, விழுந்தாலும் இங்கிலீஷ். ஆகவே அவருக்கு பாண்ட் பேசாத ஆள். நடப்பான், திரும்புவான், அடிப்பான். மருமகன் நேர் எதிர்: சப்டைட்டில் போட்டு, காதில் இயர்போன் மாட்டி, ஒரு வார்த்தை விடாமல் பார்த்தவன். நான் நடுவில் மாட்டிக்கொண்டவன். பள்ளிக்கூட நாளில் தரை டிக்கெட்டில் ஒன்றும் புரியாமல் பார்த்த படங்களையே நாற்பது வயதுக்கு மேல் சப்டைட்டிலோடு திரும்பப் பார்த்தேன். நான் மனசுக்குள் வைத்திருந்த வரிசை மொத்தமாகக் கலைந்துபோனது.

1962இல் வந்த 'டாக்டர் நோ' தொடங்கி 2021இல் வந்த 'நோ டைம் டு டை' வரை 25 படங்கள், ஆறு நடிகர்கள். கானரி 1983இல் வேறு தயாரிப்பாளர்களுக்காக நடித்த ஒரு பாண்ட் படம் இந்தக் கணக்கில் சேராது.

சரி, அண்ணாச்சியின் கட்சிக்கு வருவோம். ஷான் கானரி எடின்பரோவில் பால் ஊற்றியவர், கடற்படையில் இருந்தவர், உடம்பை ஏற்றி ஆணழகன் போட்டிக்குப் போனவர். கோட்டு சூட்டில் வளர்ந்த ஆள் இல்லை. இயக்குநர் டெரன்ஸ் யங் தன்னுடைய தையல்காரரிடமே கூட்டிப்போய் சூட் தைத்துக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன். நம்மூரில் சாரம் (கைலி) கட்டியவன் சாரத்தை மறந்து நடப்பானே, அப்படித்தான் அவர் சூட்டை மறந்து நடக்கிறார்.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் ராபர்ட் ஷாவோடு ரயிலில் ஒரு சண்டை வரும். நெல்லை எக்ஸ்பிரஸ் கூபேயில் இரண்டு தடியன்கள் மல்லுக்கட்டினால் எப்படி இருக்கும், அதுதான். கை ஓங்க இடமில்லை, கதவு, கண்ணாடி, பெர்த் எல்லாம் நொறுங்குகிறது. அந்தச் சண்டைக்குப் பின்னணி இசை கிடையாது என்று மருமகன் வியந்தான். "எனக்கு எல்லாச் சண்டையும் அப்படித்தாம்லே" என்றார் அண்ணாச்சி.

சத்தமில்லாத போட்டியில் கானரியை அடிக்க ஆளில்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சப்டைட்டில் போட்டதும்தான் சங்கடம். 'கோல்டுஃபிங்கர்' (1964) படத்தில் ஆம்பிளைகள் பேச வேண்டும், நீ போ என்று ஒரு பெண்ணைப் பின்னால் தட்டி அனுப்புகிறார். அதே படத்தில் வைக்கோல் கொட்டடியில், வேண்டாம் என்று தள்ளும் பெண்ணிடம் அவர் பலவந்தம் செய்வதை எங்களோடு உட்கார்ந்து பார்த்த அக்கா, "இவனா கதாநாயகன்? பிடிச்சு உள்ள போடணும்" என்று எழுந்துபோய்விட்டாள். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் அவருக்கு ஜப்பான்காரர் வேஷம் கட்டியதைப் பற்றி அண்ணாச்சியே வாய் திறப்பதில்லை. ஆனாலும் அதே 'கோல்டுஃபிங்கர்' லேசர் காட்சி, வார்த்தை புரிந்தால் இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறது. மேஜையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், கதிர் காலுக்கிடையில் ஏறி வருகிறது, கை கால் அசையாது. வாயால்தான் தப்பிக்கிறார். ஓட்டை வழியாகப் பார்த்தவருக்கு லேசரை ஏன் நிறுத்தினார்கள் என்றே தெரியாது.

ரோஜர் மூர்தான் எங்கள் தலைமுறை பாண்ட். பின்னால் வந்தவர் என்றாலும் கானரியைவிட மூன்று வயது மூத்தவர். 1973 முதல் 1985 வரை ஏழு படம். கடைசிப் படத்தில் 57 வயது, மாடிப்படி ஏறினால் நமக்கே பதறும். முதலைகளின் முதுகில் கால் வைத்து ஓடியது ராஸ் கனாங்கா, பனிமலை உச்சியிலிருந்து பாராசூட்டோடு குதித்தது ரிக் சில்வெஸ்டர். "ஓடுறது, குதிக்குறது எல்லாம் டூப்பு. புருவத்தத் தூக்குறது மட்டும் சொந்தம்" என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு.

அது அநியாயம். சத்தமில்லாமலே மூர் சிரிக்கவைப்பார். 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் நீர்மூழ்கியாக மாறிய கார் கடலிலிருந்து கரையேறும்போது, ஜன்னலைத் திறந்து ஒரு சின்ன மீனை வெளியே போடுவாரே, அதற்கு என்ன வசனம் வேண்டும்? எங்கள் தியேட்டரே குலுங்கியது.

ஆனால் என் கட்சியை மாற்றியது 'ஆக்டோபஸி'. பாதிப் படம் உதய்பூரில் நடக்கும். சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் அதில் விஜய் என்ற பேரிலேயே வருவார். பாம்பாட்டி வேஷத்தில் பாண்ட் இசையை மகுடியில் வாசிப்பார், ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடிப்பார். நம்ம ஆள் என்று விசில் அடித்தோம். அவரைப் பாதியில் கொன்றதும் தியேட்டரில் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. அப்புறம் சர்க்கஸ் கூடாரம். மூர் கோமாளி வேஷத்தில், மூக்கில் சிவப்புப் பந்தோடு ஓடி வந்து கையை ஆட்டி என்னமோ கத்துகிறார். கூடாரத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாங்களும் சிரித்தோம்.

முப்பது வருஷம் கழித்துப் படித்துப் பார்த்தால், அங்கே அணுகுண்டு வைத்திருக்கிறது என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. வேஷம் அப்படி. அந்த ஜனங்கள் எதற்குச் சிரித்தார்களோ அதற்குத்தான் நாங்களும் தரை டிக்கெட்டில் சிரித்திருக்கிறோம். கண்ணில் அந்தத் தவிப்பு அன்றைக்கும் இருந்திருக்கும். மூக்குப் பந்தைத் தாண்டி நாங்கள் பார்க்கவில்லை. மூருக்கு நடிக்கத் தெரியாது என்பவர்களிடம் இந்த ஐந்து நிமிஷத்தைப் போட்டுக் காட்டுகிறேன். அதே படத்தில் கொடியைப் பிடித்துத் தொங்கி டார்ஜான் மாதிரி கத்துவதை மட்டும் ஓட்டிவிடுவேன்.

திமோதி டால்டன் பேச்சை எடுத்தால் கடையில் சண்டையே வராது, ஏனென்றால் அவருக்குக் கட்சியே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நாடக மேடையிலிருந்து வந்தவர், பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங்கின் நாவல்களைத் திரும்பப் படித்துவிட்டு நடித்தவர். 1989இல் வந்த 'லைசென்ஸ் டு கில்' படத்தில் நண்பனைச் சுறாவுக்குப் போட்டவனைப் பழிவாங்க, அரசாங்க வேலையையே உதறிவிட்டுப் போவார். நண்பனுக்காகத் தனியாக அரிவாள் தூக்கும் கதை நம்ம பக்கத்தில் செல்லுபடியாகாமல் போகுமா? ஆனால் மூரைப் பார்த்துப் பழகியவர்கள், "இவன் ஏன் சிரிக்கவே மாட்டேங்கான்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இரண்டே படம். அதன்பிறகு தயாரிப்பு உரிமை வழக்குகளில் ஆறு வருஷம் பாண்ட் படமே இல்லை. 2006இல் கிரெய்க்கை எதற்காகக் கொண்டாடினார்களோ அதை இவர் பதினேழு வருஷம் முன்னாலேயே செய்துவிட்டார். மருமகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான், அவன் அந்தப் படத்தைப் பார்த்ததும் இல்லை.

பியர்ஸ் பிராஸ்னன் படுத்துக்கிடந்த தொடரை 1995இல் எழுப்பி உட்காரவைத்தவர். அந்த அணைக்கட்டுக் குதியல் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். அண்ணாச்சிக்கு அவர் ஜவுளிக்கடை வாசல் பொம்மை. 'டை அனதர் டே' படத்தில் கண்ணுக்குத் தெரியாத காரை ஓட்டியதும், "தெரியாத காரைப் பாக்க நான் எதுக்குப் படம் ஓட்டணும்?" என்று கேட்டாராம். ஆனால் அதே படத்தில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு மிட்டாய் உண்டு. கியூபாவில் பிராஸ்னன் கையில் ஒரு பறவைப் புத்தகம் இருக்கும், தன்னைப் பறவை ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொள்வார். ஃபிளெமிங் தன் நாயகனுக்கு ஜேம்ஸ் பாண்ட் என்ற பேரை எடுத்ததே மேற்கிந்தியத் தீவுப் பறவைகளைப் பற்றி அந்தப் புத்தகம் எழுதிய ஆராய்ச்சியாளரிடமிருந்துதான். நிஜ ஜேம்ஸ் பாண்ட் நம்மூருக்கு வந்திருந்தால் நேரே நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குத்தான் பஸ் ஏறியிருப்பார், கழுத்தில் பைனாகுலரோடு.

இடையில் அண்ணாச்சி வீட்டு மயினி சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன். அவருக்கு ஒரே பாண்ட் ஜெய்சங்கர்தான். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்களில் நம்ம வெயிலில் கோட்டுப் போட்டுத் துப்பாக்கி பிடித்தாரே, அதைவிடவா வெள்ளைக்காரன் கஷ்டப்பட்டான் என்பது அவர் வாதம். அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

டேனியல் கிரெய்க்கை அறிவித்தபோது தலைமுடி நிறத்துக்கெல்லாம் கேலி செய்தார்கள். 'கஸினோ ராயல்' வந்ததும் வாயடைத்துப்போனார்கள். அன்றைக்கு டீக்கடையில் ஒரு பரிசோதனை வைத்தோம். மருமகன் போனில் அந்தப் படத்தின் துரத்தல் காட்சியைப் போட்டு, சத்தத்தை அமத்தி, அண்ணாச்சி கையில் கொடுத்தான். கிரேன் மேல் ஏறுகிறார்கள், குதிக்கிறார்கள். ஓடுகிறவன் சின்ன இடைவெளிக்குள் பூனை மாதிரி நுழைந்து போய்விடுகிறான். பின்னால் வரும் கிரெய்க்குக்கு அந்த வித்தை தெரியாது. சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறார்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். "இவன் கொத்தனார் மாதிரில்லா வாரான்." கொஞ்சம் கழித்து, "நல்ல கொத்தனார்" என்றார்.

ஒரு வார்த்தை இல்லாமல் ஆள் எப்படிப்பட்டவன் என்று அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது. பிராஸ்னன் 'தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்' படத்தில் தண்ணிக்கடியில் டையைச் சரிசெய்வார். கிரெய்க் 'ஸ்கைஃபால்' படத்தில் பிய்ந்த ரயில் பெட்டிக்குள் குதித்துவிட்டு சட்டைக் கையைச் சரிசெய்வார். இரண்டும் ஒரே சைகை. முதலாவது கண்ணாடி முன்னால் நின்றவன் செய்தது மாதிரி இருக்கிறது, இரண்டாவது அடிபட்டவன் வலியை மறைக்கச் செய்தது மாதிரி இருக்கிறது. 'ஸ்கைஃபால்' நூறு கோடி டாலர் தாண்டிய முதல் பாண்ட் படம் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை. கிரெய்க்கின் குறை வேறு. ஐந்து படத்தையும் ஒரே தொடர்கதையாக்கி, நடுவில் 'ஸ்பெக்டர்' படத்தில் வில்லனை அண்ணன் முறையாக்கி, நம்ம சீரியல் கணக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

என் வரிசையைக் கேட்டால்: சத்தமில்லாமல் கானரி, கிரெய்க், டால்டன். சப்டைட்டிலோடு கிரெய்க், மூர், டால்டன். இரண்டிலும் டால்டன் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

மிச்சம் இருப்பது ஜார்ஜ் லேசன்பி. ஆஸ்திரேலியா மாடல், 1969இல் ஒரே படம். கடைசியில் பாண்ட் கல்யாணம் செய்துகொள்வார். கல்யாணக் காரிலேயே மனைவியைச் சுட்டுவிடுவார்கள். படம் முடிந்துவிடும். "ஜனம் எழுந்திரிக்கலவே. இன்னும் ஒரு ரீல் இருக்குன்னு உக்காந்திருக்கு. ஒருத்தன் மேல ஏறி வந்து, ரீல ஒளிச்சு வச்சிருக்கியான்னு என்னையக் கேக்கான்" என்றார் அண்ணாச்சி.

"கிரெய்க்கும் கடைசிப் படத்துல செத்துருவாரு தாத்தா."

"பாண்ட் சாவானா? கோட்டிப்பயலே, என்ன பேசுத?"

மருமகன் அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினான். ஏவுகணைகள் விழுந்து, தீவு வெடித்து, அப்புறம் பாண்டின் காதலி மகளோடு காரில் போகும்போது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பாட்டு ஒன்று வரும். இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று நான் கேட்டேன். மருமகனுக்குத் தெரியவில்லை, அவன் லேசன்பியைப் பார்த்ததில்லை. "உங்க படத்துப் பாட்டுதான் அண்ணாச்சி. 1969 படத்துல வருமே, அதே பாட்டு."

"அதுல பாட்டு இருந்துச்சா?" என்றார். "தினம் மூணு காட்சி ஓட்டினேன்."

மருமகன் இயர்போனைத் துடைத்து நீட்டினான். அண்ணாச்சி எது இடது எது வலது என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, போனை மேஜையில் கவிழ்த்துவைத்தார்.