வரப்பில் நின்று ஹாம் போட்டி கேட்க எந்த ரேடியோ?

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்தான் ஹாம்கள். உலகெங்கும் உள்ள ஹாம்கள் ஒருவரையொருவர் தொடர்புகொண்டு போட்டியிடும் சி.க்யூ. வேர்ல்டு வைடு குரல் போட்டி ஒவ்வொரு அக்டோபரிலும் கடைசி முழு வார இறுதியில் நடக்கும். நம் நேரப்படி சனி காலை 5.30-க்குத் தொடங்கித் திங்கள் காலை 5.30 வரை, 48 மணி நேரம். மோர்ஸ் (புள்ளி-கோடு ஒலி) போட்டி நவம்பரில். பேசத்தான் உரிமம் வேண்டும். காது கொடுத்துக் கேட்க ஒரு ரிசீவர் போதும். கையில் அடங்கும் கருவி என்றால் பலரும் முதலில் வாக்கி-டாக்கியைத்தான் நினைக்கிறார்கள்.

அது இந்த வேலைக்கு ஆகாது. பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் போன்றவை 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். மட்டும் எடுப்பவை. போட்டியோ 28 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும், எஸ்.எஸ்.பி. என்ற குறுகிய குரல் முறையிலும் மோர்ஸிலும் நடக்கிறது. விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800-இல் கேட்க அது நல்ல கருவிதான். ஆனால் ஒலிபரப்பவும் முடியும் என்பதால் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது வம்பு.

கணினியில் செருகி ரேடியோ கேட்கும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் கண்ணுக்கு விருந்து. முழு அலைவரிசையும் திரையில் அருவியாக இறங்கும், எங்கே கூட்டம் என்று பார்த்தவுடன் தெரியும். அதில் வி3 பதிப்பை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிற்றலை கேட்க அது பயன்படுத்தும் நேரடி சாம்ப்ளிங் முறையில் 14.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேலிருப்பது கீழே கண்ணாடிப் பிம்பமாக விழும். அதாவது 14.2-இல் நிற்கும் ஹாம் மேல் 14.6-இல் இருப்பவரும் ஏறி உட்காருவார். வி4-இல் இந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் லேப்டாப்போ ஓ.டி.ஜி. போட்ட போனோ கூடவே வேண்டும். உச்சிவெயிலில் திரை தெரியாது, சார்ஜரைச் செருகினால் இரைச்சல்.

நம் ஓட்டு எஸ்.எஸ்.பி. உள்ள கையடக்கச் சிற்றலை ரேடியோவுக்கு, குறிப்பாக டெக்சன் பி.எல்.-330-க்கு. விலை வாக்கி-டாக்கியைப் போலப் பல மடங்கு. கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். காரணம் ஒன்றுதான்: வீட்டை விட்டு வெளியேறலாம்.

டெல்டா வீடுகளில் சிற்றலையைக் கெடுப்பது தூரமல்ல, இரைச்சல். எல்.இ.டி. பல்பு, இன்வர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர், பிராட்பேண்ட் அடாப்டர், சோலார் பம்பின் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து பலவீனமான நிலையங்களை மூடிவிடும். மின்வேலி நொடிக்கொரு ‘டிக்’ போடும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் கரன்ட் லைன் பீங்கான்களில் உப்புப் படிந்து கரகரவென்று பொரியும், நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் அடங்கும். கரன்ட் போன நேரத்தில் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள், எத்தனை நிலையங்கள் புதைந்து கிடந்தன என்று புரியும். கரன்ட் போகும் வரை காத்திருப்பதை விட வாய்க்கால் கரைக்கு நடப்பது சுலபம். லைனிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளினாலே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஏழெட்டு மீட்டர் மெல்லிய உறைக்கம்பியை மூங்கில் கழியில் உயர்த்தி, ரேடியோவின் ஏரியல் துளையில் செருகும் 3.5 மி.மீ. ஜாக்கின் நுனியில் சேர்க்க வேண்டும். ஜாக்கின் உறைப்பகுதியில் இன்னொரு கம்பி. அதன் முனையை உரித்து வயல் சேற்றில் செருகினால் நல்ல எர்த். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் மாதம் என்பதால் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கம்பியை நீட்டினால் இன்னும் கேட்கும் என்று முப்பது மீட்டர் கட்டாதீர்கள். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸும் இலங்கை மத்திய அலைகளும் உள்ளே புகுந்து செட்டைத் திணறடிக்கும். சம்பந்தமில்லாத இடத்தில் பாட்டு கேட்டால் அதுதான் நோய். ஜாக்கைக் கழற்றிவிட்டு, கம்பியை உரிக்காமல் ஏரியல் குச்சியில் நாலு சுற்றுச் சுற்றினால் போதும்.

எஸ்.எஸ்.பி.யில் இரண்டு வகை: 7 மெகாஹெர்ட்ஸில் எல்.எஸ்.பி., 14-இலும் அதற்கு மேலும் யு.எஸ்.பி. ஒரு கிலோஹெர்ட்ஸ் படியில் நகர்ந்து, குரல் வாத்துக் கத்தலாக வந்ததும் 10 ஹெர்ட்ஸ் படிக்கு மாறி மெல்லத் திருப்பினால் மனிதக் குரலாகும். நெரிசலில் கேட்கும் அலை அகலத்தை 2.2 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைக்கலாம், மோர்ஸுக்கு 0.5.

‘ஃபைவ் நைன்’ (நன்றாகக் கேட்கிறது) என்று எல்லோரும் சடங்காகச் சொல்வார்கள், காது வைக்க வேண்டியது அடுத்து வரும் மண்டல எண்ணில், அதாவது உலகைப் பிரித்துப் பகுதிக்கொன்றாகக் கொடுத்த எண்ணில். 25 என்றால் ஜப்பான், 14 ஜெர்மனி பக்கம், 15 இத்தாலி, 28 இந்தோனேசியா, 30 கிழக்கு ஆஸ்திரேலியா. 22 வந்தால் ‘வி.யு.’ என்று தொடங்கும் அழைப்புக்குறி உள்ள நம் நாட்டு ஆளாகவோ இலங்கைக்காரராகவோ இருக்கலாம். காலையில் 21, 28 மெகாஹெர்ட்ஸில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும், மதியத்துக்கு மேல் ஐரோப்பா, இரவில் 14-ம் 7-ம். சூரியச் சுழற்சி உச்சம் தாண்டி இறங்குவதால் 28 வெறிச்சோடிக் கிடக்கலாம். பத்து நிமிடம் சத்தமில்லையென்றால் 21-க்கு வந்துவிடுங்கள்.

டெக்சன் ரேடியோவின் பேட்டரி பி.எல்.-5சி (BL-5C), பழைய நோக்கியா போனில் போட்டோமே, அதுவேதான். செல்போன் கடைகளில் கிடைக்கிறது. 48 மணி நேரத்துக்கு ஒன்று பற்றாது, இரண்டு கொண்டுபோங்கள். உப்பியிருப்பதை மட்டும் வாங்காதீர்கள்.

அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. தூரத்து மின்னலே ‘கிர்ர்’ என்று காதைக் கிழிக்கும், 7-இல் அதிகம், 21-இல் குறைவு. அந்தச் சத்தம் நெருங்கி வந்தால் போட்டி எவ்வளவு சூடாக இருந்தாலும் கழியை இறக்கிக் கம்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும்; சமவெளி வயலில் உயர்ந்து நிற்பது நீங்களும் அந்த மூங்கிலும்தான்.