கழுவும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்: என் இரண்டாவது ஃபுட் ப்ராசஸர்

வலது மணிக்கட்டு மக்கர் பண்ண ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. கத்தியை அழுத்தும்போதெல்லாம் கட்டைவிரலுக்குக் கீழே சுரீர் என்று இழுக்கும். "நறுக்குறதைக் குறைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். வீட்டில் ஆறு பேர். எதைக் குறைப்பது, வெங்காயத்தையா, ஆட்களையா? அப்படித்தான் எங்கள் சமையலறைக்குள் ஃபுட் ப்ராசஸர் நுழைந்தது. இதுவரை இரண்டு வாங்கியாகிவிட்டது. முதலாவது பரணில் தூங்குகிறது. இரண்டாவதுடன் எட்டு மாதமாகக் குடித்தனம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலாவதிடம் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் இரண்டாவதை ஏன் எடுத்தேன் என்பது புரியாது.

முதலாவதை அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்கினேன். 1,200 வாட் என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே பதினான்கு அட்டாச்மென்ட்களின் படம். பதினான்கில் நான் தொட்டது மூன்றே மூன்று. மீதியெல்லாம் ஒரு டிராயரை அடைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் யார் விரலையாவது பதம் பார்த்தன. வாட் என்பது மிஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கு. அதில் எவ்வளவு கத்திக்குப் போய்ச் சேருகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அரை கிலோ மாவைப் போட்டுப் பிசைய வைத்தால் முதலில் ஒரு கூச்சல், அப்புறம் ஒரு கருகல் வாடை, அப்புறம் மயான அமைதி. ஆறவிட்டால் மறுபடி ஓடும். சூடு ஏறினால் மோட்டார் தானாக நின்றுகொள்ளும் பாதுகாப்பு அது என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் "போச்சு, செத்துப்போச்சு" என்றுதான் நினைத்தேன்.

அதைப் பரணுக்கு அனுப்பியது ஒரு தக்காளி சூப். பௌலின் அளவு இரண்டு லிட்டர் என்று பெட்டி சொன்னது. வேகவைத்து ஆறவைத்த தக்காளி ஒன்றரை லிட்டர் இருக்கும். தாராளமாக இடம் இருக்கிறதே என்று ஊற்றி, ஓடவிட்டுத் திரும்பினால், மிஷினுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு மேடை விளிம்பை நோக்கி நகர்கிறது. மூடி வழியாக ஒரு சொட்டு சிந்தவில்லை. பௌலின் நடுவில் கத்தி உட்காரும் ஒரு குழாய் உண்டு அல்லவா, தக்காளி அதன் தலையைத் தாண்டி, உள்ளே இறங்கி, மோட்டார் தண்டு வழியாகக் கீழே வந்திருக்கிறது. நீர்ப்பண்டத்துக்கு அந்தக் குழாயின் உயரம்தான் எல்லை. பௌலின் உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த மிஷினில் அது முக்கால் லிட்டர்கூடத் தேறவில்லை. பக்கவாட்டில் கடுகளவு எழுத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் தெரியும்.

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. "மேடம், இதுல பதினெட்டு அட்டாச்மென்ட் வருது" என்று ஆரம்பித்த பையனிடம், "எனக்கு மூணு போதும் தம்பி, பெட்டியைப் பிரிச்சு பௌலைக் கையில குடு" என்றேன். முதலில் நடுக்குழாயில் விரலை வைத்து உயரம் பார்த்தேன். மூடியைப் போட்டு, திருகி, கழற்றினேன், இடது கையால் மட்டும். மூடி சரியாகப் பூட்டினால்தான் மோட்டார் ஓடும் என்பது எல்லா நல்ல ப்ராசஸரிலும் இருக்கும் காப்பு. ஆனால் சிலவற்றில் அந்தப் பூட்டு விழ இரண்டு கையும் தோள்பட்டையும் வேண்டியிருக்கிறது. கை வலிக்கிறது என்று வாங்கப்போய், மூடி திறக்கக் கை வலித்தால் என்ன பிரயோஜனம்? நான்கு மாடல் இதிலேயே அடிபட்டுப் போயின.

பிறகு எடை. நான் எடுத்தது ஏழு கிலோ. தூக்கிப் பார்த்தால் கல். பௌலுக்கு நேர் கீழே இண்டக்‌ஷன் மோட்டார். நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்றுதான் சுற்றும். மிக்ஸி வாங்கிப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தெரியலாம், பல மிக்ஸிகள் சுமையில்லாமல் 18,000 சுற்றைத் தொடுபவை. ஆனால் மிக்ஸியின் வேலை அரைப்பது, அதற்கு வேகம் வேண்டும். நறுக்குவதற்கு வேகம் எதிரி. காய் துண்டாகும் முன்பே கூழாகிவிடும். இதில் சத்தமும் குறைவு. காலை ஐந்தரைக்கு ஓட்டினாலும் மாமியார் எழுந்து வந்து "என்னம்மா இடியுது?" என்று கேட்பதில்லை. பழையது ஓடினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

கத்தியைத் தனியாக ஒரு நிமிடம் பார்த்தேன். உலோகம் பிளாஸ்டிக் தண்டுக்குள் வார்த்துப் பொருத்தியிருக்கிறதா, ரிவிட் அடித்திருக்கிறதா என்று. காரணம் உண்டு. பிரான்ஸில் ஓட்டல் சமையலறைகளுக்கென்று பிறந்த இந்தச் சாதனத்தை 1973-இல் அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது குசினார்ட். அதே நிறுவனம் 2016 டிசம்பரில், அங்கே விற்ற சுமார் 80 லட்சம் ப்ராசஸர்களின் கத்திகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ரிவிட் அடித்த கத்திகளில் காலப்போக்கில் விரிசல் விட்டு, உடைந்த சில்லு சாப்பாட்டில் கலந்தது என்பது புகார். அதைப் படித்ததிலிருந்து மாதம் ஒருமுறை கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நீங்களும் பாருங்கள்.

சரி, வெங்காயம். இதை வைத்துத்தான் ஒரு ப்ராசஸரை எடைபோட முடியும் என்பது என் கட்சி. கத்தி இருப்பது அடியில். அடியில் இருக்கும் துண்டு வெட்டுப்பட்டு, மேலே எகிறி, மேலே இருப்பது கீழே விழுந்தால்தான் எல்லாம் ஒரே அளவாக வரும். விரலை எடுக்காமல் ஓடவிட்டால் அடியில் தண்ணீர், மேலே முழுத் துண்டு. அதனால் நான் செய்வது இப்படி: வெங்காயத்தை நான்காக, ஏறக்குறைய சம அளவில் பிளந்து, பௌலில் பாதிக்கு மேல் போகாமல் போடுகிறேன். கத்தியும் பௌலும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். விரல் இருக்கும்வரை மட்டும் ஓடும் பல்ஸ் பொத்தானை ஒரு நொடி அழுத்தி விடுகிறேன். உள்ளே எல்லாம் விழுந்து அடங்கும் வரை அடுத்ததை அழுத்துவதில்லை. முதல் இரண்டு அழுத்தலில் "டடக்" என்று கட்டையாகக் கேட்கும். நான்காவது ஐந்தாவதில் "சரக்". ஏழைத் தாண்டினால் "சளக்" என்று ஈரமாக ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது வந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த வெங்காயம் வாணலியில் வதங்காது, வெந்து போகும். காரமும் கசப்பும் கூடிவிடும், நறுக்குவதற்குப் பதில் நசுக்கிவிட்டோம் அல்லவா. நான் ஆறோடு நிறுத்தி மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொன்று. ஆரம்பத்தில் ஒரு வாரம் சளக் சளக் என்றுதான் சாப்பிட்டோம்.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தோல் உரிப்பது இரண்டுக்கும் பொது, அதை விட்டுவிடுகிறேன். அரை கிலோ வெங்காயம் என் கையால் நறுக்கப் பதினான்கு நிமிடம் (வலிக்கு நிறுத்துவதையும் சேர்த்து). மிஷினில் ஒரு நிமிடம். ஆஹா என்று சொல்லிவிடாதீர்கள். பௌல், மூடி, கத்தி கழுவித் துடைக்க நான்கு நிமிடம். ஆக ஐந்து. ஒரே ஒரு வெங்காயத்துக்கும் அதே நான்கு நிமிடம்தான் கழுவ வேண்டும், அப்போது கத்தியும் பலகையும் போதும். மூன்றுக்கு மேல் போனால்தான் இதைத் தொடுகிறேன். விற்பவர்கள் யாரும் இந்தக் கழுவும் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

துருவும் தட்டும் சீவும் தட்டும் இந்த மிஷினின் பலம். காரட்டை மூடிமேல் இருக்கும் காய் போடும் குழாயில் நிற்கவைத்துத் துருவினால் குட்டையாக உதிரும், படுக்கவைத்தால் நீள நீளமாக வரும். சீவும்போது குழாயை நெருக்கமாக அடைக்க வேண்டும், இடம் விட்டால் காய் சாய்ந்து கோணல்மாணலாக விழும். முட்டைக்கோஸ் ஒரு முழுப் பூ, இரண்டு நிமிடத்தில் மலையாகக் குவிந்துவிட்டது. அன்று என் கணவர் "இதுக்குத்தான் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டியா?" என்றார். கஷ்டப்பட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. எந்தத் தட்டானாலும் கடைசித் துண்டு மட்டும் வெட்டுப்படாமல் மேலே படுத்துக்கொள்ளும். அது எல்லா மிஷினுக்கும் உள்ள குணம், குறையாகச் சொல்வதற்கில்லை.

மாவு: உலர்ந்த மாவையும் உப்பையும் முதலில் ஒரு சுற்று விட்டு, ஓடும்போதே குளிர்ந்த தண்ணீரை நூலாக ஊற்றுகிறேன். உராய்வில் மாவு சூடாகும் என்பதால்தான் குளிர்ந்த தண்ணீர். நாற்பது ஐம்பது நொடியில் உதிரியெல்லாம் ஒன்றுசேர்ந்து உருண்டையாகி, பௌலின் சுவரோரமாக உருளத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அரை கிலோவுக்கு இந்த மோட்டார் முனகுவதுகூட இல்லை. ஒரு கிலோவைத் திணித்துப் பார்த்தேன், மேடையில் அரை சாண் நகர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு தவணை. கத்தியில் அப்பிய மாவைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். உருண்டையை எடுத்தபின் வெறும் கத்தியை மறுபடி மாட்டி இரண்டு பல்ஸ் கொடுத்தால், ஒட்டியதெல்லாம் சுவரில் தெறித்துவிடும்.

இதனிடம் கேட்கக்கூடாதவையும் உண்டு. வெந்த உருளைக்கிழங்கை மசிக்கப் போட்டால், மாவுச்சத்து வெளியேறி, சுவரொட்டி ஒட்டுகிற பசை கிடைக்கும். மிளகு போன்ற கெட்டியான முழு மசாலா அகலமான பௌலில் சுற்றிக்கொண்டே இருக்கும், பொடியாகாது, பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து பௌல் மங்கிவிடும். நான்கு பல் பூண்டு, கத்திக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். ஆக மிக்ஸியைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். நிலக்கடலை வெண்ணெய் மட்டும் நன்றாக வருகிறது. வறுத்த கடலை முதலில் ரவையாகி, பிறகு களிமண்போல ஒரு கட்டியாகி நம்மைப் பயமுறுத்தும். அங்கே விட்டுவிடாமல் வழித்துவிட்டு ஓட்டினால் எண்ணெய் கசிந்து திடீரென்று இளகும். நடுநடுவே மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மிஷினின் அடியில் ஒட்டிய தகட்டில் KB (கேபி) என்று போட்டுப் பக்கத்தில் நிமிடம் எழுதியிருந்தால், ஒரே மூச்சில் அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம் என்று அர்த்தம்.

கொட்டும்போது பௌலைக் கவிழ்த்தால் கத்தி காலில் விழும். அடியிலுள்ள ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டுக் கத்தியின் தண்டைப் பிடித்துக்கொண்டு கவிழ்க்கிறேன், கத்தி அசையாது. சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் கத்தியை ஒருநாளும் போட்டு வைக்காதீர்கள், நுரைக்குள் கையை விடுபவருக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் அது என் மகள், இரண்டு தையல். காரட் சாயம் பௌலில் ஏறினால் சோப்பு போட்டுத் தேய்த்துக் களைக்க வேண்டாம். அது எண்ணெயில் கரையும் சாயம், இரண்டு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.

குறைகள் இல்லாமலா? மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் அழுக்கு சேருகிறது, பல்குச்சியால்தான் எடுக்க வருகிறது. வயர் குட்டை. ஏழு கிலோவை அலமாரியில் வைத்து எடுத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் மேடையில் நிரந்தரமாக ஓரிடம் விட்டுக்கொடுத்தேன். அதனாலேயே தினமும் பயன்படுகிறது என்பதும் உண்மை. அடுத்து, குழாய்க்குள் குழாயாக வரும் சின்னத் தள்ளுகுச்சியைப் போன மாதம் தொலைத்துவிட்டேன். குப்பையோடு போயிருக்க வேண்டும். உதிரிப்பாகம் தனியாகக் கிடைக்கிறது, சொல்லிவைத்து மூன்று வாரம் ஆகிறது. வரும்வரை ஒரு காரட்டால் இன்னொரு காரட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். விரலை விடுவதில்லை. கடைசியில் மிஞ்சும் அரைக் காரட்டை நின்றபடியே தின்றுவிடுகிறேன்.