ஆம்னிக்கு நீல வெளிச்சம் வேண்டாம்

உச்சிப்புளியிலிருந்து விடிகாலை மூன்றரைக்கே மீன் எடுக்கப் பாம்பனுக்குக் கிளம்புகிறவன் நான். என் பழைய ஆம்னி வேனில் ஸ்பீடோமீட்டர் வெளிச்சம் மங்கி, முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் ஒரு கடையில் மீட்டர் பல்புகளை எல்இடியாக மாற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் எல்இடி பட்டையும் ஒட்டினேன். மொத்தம் 1,400 ரூபாய்.

நீலம் மகனுடைய தேர்வு. கடை வாசலில் ஜோராகத்தான் இருந்தது. மறுநாள் பாலத்தில் ஏறியதும் வினை தெரிந்தது. இருட்டுக்குப் பழகிய கண் கூசுகிறது. முன்கண்ணாடியில் பட்டையின் பிம்பம் வேறு. எதிரே வந்த சைக்கிள்காரர் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் பட்டார்.

திரும்பப் போனேன். கடைப் பையன் முகம் சுளிக்காமல் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள் பல்பு மாற்றித் தந்தான், கூலி வாங்கவில்லை. ஒன்று மட்டும் எரியவில்லை. கழற்றித் திருப்பிச் செருகியதும் எரிந்தது. எல்இடிக்கு பிளஸ், மைனஸ் மாறக் கூடாது, பழைய பல்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டைக்குத் தனி சுவிட்ச் வைத்தான். சில்லறை எண்ணும்போது மட்டும் போடுகிறேன்.

குறை என்றால் வயரிங்தான். இணைப்பில் வெறும் டேப்பைச் சுற்றிவிட்டார்கள். நம் உப்புக் காற்றுக்கு அது தாங்குமா? இரண்டே மாதத்தில் செம்பு பச்சை பூத்துவிட்டது. அப்புறம் நானே வெட்டி, சாலிடர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். ஃப்யூஸும் கேட்டு வாங்குங்கள், அவர்களாகப் போட மாட்டார்கள்.