முழங்கால் மூட்டுச் சவ்வுக் கட்டி: நுண்துளையா, திறந்த அறுவையா?

அடிபட்ட நினைவே இல்லாத முழங்கால் அடிக்கடி வீங்கி, ஊசி வழியே எடுத்த நீரும் துரு கரைந்தாற்போல் பழுப்பாக வந்தால், எலும்பியல் மருத்துவரின் மனத்தில் பிவிஎன்எஸ் (பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ்) என்ற மூட்டு உட்சவ்வுக் கட்டியின் பெயர் எழும். 1941-இல் ஜாஃபேயும் உடன் ஆய்ந்தவர்களும் இட்ட அந்தப் பெயருக்குப் பதில் இப்போது டெனோசைனோவியல் ஜயன்ட் செல் ட்யூமர் என்கிறார்கள். இது பெரும்பாலும் புற்றுநோயன்று. ஆனாலும் குருத்தெலும்பையும் எலும்பையும் மெல்ல அரிக்க வல்லது.

இதில் இரு வகை உண்டு: ஓரிடத்தில் முடிச்சாகத் திரள்வது, சவ்வு முழுவதும் படர்வது. எந்த அறுவை என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்க வேண்டும், தழும்பின் நீளமன்று. எம்.ஆர்.ஐ.யில், அதிலும் இரும்பைத் தெளிவாகக் காட்டும் கிரேடியன்ட் எக்கோ வகைப் படங்களில், கசிந்த இரத்தத்தின் இரும்பு கருந்திட்டுகளாகத் தெரிவதால், நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பதை முன்கூட்டியே கணிக்கலாம்.

மூட்டின் முன்பக்கத்தில் தனி முடிச்சாக இருந்தால், சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் நுண்துளை அறுவையான ஆர்த்ராஸ்கோபியே போதும் என்பது என் கருத்து. சிறு துளைகள், குறைந்த வலி, விரைவில் நடை. படர்ந்த வகையில்தான் சிக்கல். கேமராவில் பழுப்புநிறப் பாசி போல் அசையும் சவ்வை முன்புறம் எவ்வளவு சுத்தமாகச் சுரண்டினாலும், பின்மூட்டில் மிஞ்சியது மறுபடி வளரும். பின்புறத் துளைகள் வழியே அதை எட்டும் கைதேர்ந்தவர்கள் உண்டு; ஆனால் கட்டி மூட்டுறையைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் முழங்காலின் பின்புறத்தைத் திறப்பதே நேர்வழி. அங்கே முக்கிய இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அறுவைக்குப் பின் மூட்டு விறைக்காதிருக்க நீண்ட பிசியோதெரபியும் வேண்டும். ஆகவே முன்புறம் நுண்துளை, பின்புறம் திறப்பு என இரண்டையும் சேர்த்துச் செய்வதும் வழக்கம். அப்படிச் செய்தாலும் படர்ந்த வகை திரும்ப வரக்கூடும்.

படத்தில் சந்தேகம் இருந்தால் முதலில் பயாப்ஸி, அதாவது திசுவைச் சிறிது எடுத்துப் பரிசோதிப்பது. சைனோவியல் சார்கோமா என்ற புற்றுநோயாக இருக்கக்கூடியதைச் சாதாரணக் கட்டியென்று எண்ணித் துளையிட்டால், புற்றணுக்கள் மூட்டெங்கும் சிதறக்கூடும்.

கத்தியால் நன்மையைவிடச் சேதமே அதிகம் என்ற நிலையில் மாத்திரையும் ஒரு போட்டியாளர். 2019-இல் அமெரிக்கா இந்நோய்க்கான பெக்சிடார்டினிப் என்ற மருந்தை அனுமதித்தது. கல்லீரல் பாதிப்பு அச்சத்துடன் பலனையும் எடைபோட்ட ஐரோப்பிய மருந்து முகமை மறுத்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்ற மற்றொரு மருந்தான விம்செல்டினிப், இரண்டாவது, மூன்றாவது அறுவையை எதிர்நோக்குபவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டிய பெயர்.