கார்புரேட்டர் பைக்கோடு மலையில் ஒன்பது வருடம்

போன வாரம் மெக்கானிக் கடையில் மறுபடியும் பிளக்கை மாற்றச் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தேன், முனை முழுக்க உலர்ந்த கரி. பிளக் நல்ல பிளக்தான், போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், "மலைக்கு மாற்றல் வந்திருக்கிறது, பழைய கார்புரேட்டர் பைக் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடையதும் கார்புரேட்டர் வண்டிதான், 150 சிசி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்புரேட்டர். வீடு சமவெளியில், வேலை மாதத்தில் பாதி நாள் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். கீழே ஓட்டும்போது இந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

மேலே போனால் இழுவை குறையும். அதில் எனக்குப் புகார் இல்லை. 2,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 82 சதவீதம்தான். ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம், ஆனால் சிலிண்டருக்குள் வரும் மொத்தக் காற்றே குறைவு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத, பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் இதே கதிதான். மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை இரண்டாவதில் ஏறிக்கொள்ளலாம்.

எனக்கு ஆத்திரம் வருவது பெட்ரோல் விஷயத்தில். காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கார்புரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. அதன் குறுகிய கழுத்தில் காற்று பாயும்போது அழுத்தம் இறங்குகிறது, அந்த இழுப்பில் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் மேலே வருகிறது. காற்று 18 சதவீதம் மெலிந்தால் இழுப்பும் 18 சதவீதம் குறையும். ஆனால் பெட்ரோல் அந்த இழுப்பின் வர்க்கமூலத்தையொட்டி வருவதால், சுமார் 9 சதவீதம்தான் குறையும். ஆக, கலவையில் பெட்ரோல் 10 சதவீதம் கூடிப்போகிறது. 3,000 மீட்டரில் இது 16 சதவீதம் வரை போகும்.

ஓட்டுபவருக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஐடிலிங்கில் தடதடப்பு, முறுக்கினால் ஒரு விக்கல், சைலன்சர் வாயில் கருப்பு, மைலேஜில் அடி. இதைப் பழுது என்று நினைத்து என் வண்டிக்கு பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். சுத்தமான கார்புரேட்டரும் மலையில் அதே அளவு பெட்ரோலைத்தான் ஊற்றும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கடைசியில் நானே ஸ்குரூடிரைவரை எடுத்தேன். மெயின் ஜெட்டை இரண்டு அளவு சின்னதாக்கினேன். பெட்ரோல் வரும் வழியில் ஏறி இறங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினேன், ஊசி கீழே இறங்கிப் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். அப்புறம் ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூ. இதில் கவனம் வேண்டும். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது, வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கானது, உள்ளே திருப்ப வேண்டும். இது தெரியாமல் முதல் வருடம் முழுக்கத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடித்து அன்று மாலை ஸ்டார்ட் செய்தபோது, அந்தக் குளிரிலும் கீழே கேட்கும் அதே சீரான சத்தம். வண்டி பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது வருடத்தில் இந்த வண்டி தந்த பெரிய சந்தோஷம் அதுதான்.

சரி, கீழே இறங்கினால்? அங்கே காற்று அடர்த்தியாக இருக்கும், சின்ன ஜெட் போதாது. ஒருமுறை மாற்ற மறந்து இறங்கி, சமவெளியில் முழு முறுக்கில் முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். எஞ்சின் தகித்தது, பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். பெட்ரோல் கூடினால் கரி, குறைந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. அதனால் சந்தேகம் வரும்போது பெரிய ஜெட்டையே விட்டுவிடுகிறேன். வாக்குவம் வகை கார்புரேட்டர் இதை ஓரளவு தானே சமாளிக்கும், முழுதாக அல்ல. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது, ஓட்டுபவர் எதையும் தொட வேண்டாம்.

நண்பர் ஒரே உயரத்தில்தான் இருக்கப்போகிறார். ஒருமுறை ஜெட் மாற்றினால் போதும், வருடக்கணக்கில் ஓடும். நியாயமாகப் பார்த்தால் வாங்கலாம். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையில் அந்தக் கரி இன்னும் போகவில்லை, என் வாயில் வேறு பதில் வரவில்லை.

என் வண்டியை விற்கிறாயா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். திங்கட்கிழமை மேலே போக வேண்டும், சின்ன ஜெட்டை இன்று இரவே போட்டுவிடப் போகிறேன்.